பென்னிகுயிக் சொத்தை வித்து அணை கட்டினாரா? பையன் மேடையில் பேசணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கம்பத்து மருமக எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்தது மன்னார்குடிப் பக்கம், வாக்கப்பட்டது உத்தமபாளையத்துல. இப்ப பெங்களூர்ல இருக்கோம். மாமியார் வீட்டு பூஜை அறையில முருகன், குலதெய்வம், காலமாகிப்போன மாமனார், இவங்களோட ஒரே வரிசையில கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் படம். வெள்ளிக்கிழமையானா அவர் நெத்திக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பொங்கலுக்கு இலை போட்டா அவருக்கும் ஒரு வாய் வச்சிட்டுத்தான் நாங்க சாப்பிடுவோம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டுன கர்னல் ஜான் பென்னிகுயிக்தான் அவர்.

மகன் ஆறாவது படிக்கிறான். ஸ்கூல்ல "நான் மதிக்கும் மனிதர்"னு அஞ்சு நிமிஷம் பேசணும். பாட்டிக்குப் போன் போட்டான். பாட்டி சொன்னது இது: பாதி கட்டுன அணையை வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு, கவர்மெண்ட் இனி சல்லிக்காசு தரமாட்டேன்னுருச்சு, துரை சீமைக்குப் போயி வீடு நிலம் பூராத்தையும் வித்து, சம்சாரத்தோட நகையையும் வித்து, அந்தப் பணத்தைக் கொண்டாந்து கட்டி முடிச்சாரு. பையன் அதை அப்படியே எழுதி மனப்பாடமும் பண்ணிட்டான்.

என்கூட வேலை பாக்கற கோட்டயத்துக்காரர் இதைக் கேட்டுட்டுச் சிரிக்கிறாரு. "சர்க்கார் அணைக்கு எந்த என்ஜினியராவது வீட்டுக் காசு போடுவானா, ஒரே ஒரு தாள் காட்டுங்க"ங்கறாரு. நெட்ல தேடினா எல்லா இடத்துலயும் அதே கதை, ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதினது மாதிரி இருக்கு. எதை விக்கிறாருங்கறதுதான் மாறுது. ஒரு எடத்துல பங்களா, ஒரு எடத்துல பண்ணை, ஒரு எடத்துல வெறும் நகை.

உண்மை எது? அது இல்லேன்னா பையன் அஞ்சு நிமிஷத்துக்கு என்னத்தைப் பேசறது?

---

வைகைக்கரையான் எழுதியது:

சகோதரி, இதுல சந்தேகமே வேண்டாம். எங்க தாத்தா சொல்லி அப்பா சொல்லி நான் கேட்டது. அந்த மனுஷன் சொத்தை விக்கலேன்னா மதுரையில பாதிப் பேருக்குச் சோறு கிடையாது. கோட்டயத்துக்காரர் சிரிப்பாரு, அவருக்கு அணையில தண்ணி நிக்கறதே பிடிக்காது. பையனை எழுதினபடியே தைரியமாப் பேசச் சொல்லுங்க. மேடையில ஆதாரம் யாரும் கேக்க மாட்டாங்க, கை தட்டுவாங்க.

---

பழைய லஸ்கர் எழுதியது:

தாயி, நான் பொதுப்பணித் துறையில லஸ்கரா இருந்து ஓய்வு பெத்தவன். ஷட்டரை ஏத்தறது எறக்கறது, அளவுகோல் பாத்து நோட்டுல எழுதறது, கரையில புல் செதுக்கறது, ராத்திரியில எவனாவது மடையைத் திருட்டுத்தனமாத் தொறந்தா சண்டைக்கு நிக்கறது, இதான் எங்க பொழப்பு. எங்க வீட்டுலயும் அந்தப் படம் இருக்கு. அதனால நான் சொல்றதைக் கேட்டு யாரும் கோவிக்க வேணாம்.

சொத்து வித்த கதை நடந்த கதை இல்ல.

ஏன்னா இது சர்க்கார் வேலை, சர்க்கார் கணக்கு. 1882ல பழைய திட்டங்களையெல்லாம் பாத்துப் புதுசா ஒரு திட்டமும் மதிப்பீடும் போட்டுக் குடுன்னு பென்னிகுயிக்குக்கு உத்தரவாச்சு. 1886 அக்டோபர் 29ல மெட்ராஸ் சர்க்காருக்கும் அந்த எடத்துக்குச் சொந்தமான திருவிதாங்கூருக்கும் குத்தகைப் பத்திரம் எழுதுனாங்க. 999 வருசத்துக்கு, 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு அஞ்சு ரூபா வீதம் வருசம் 40,000 ரூபா. திருவிதாங்கூர் பக்கம் திவான் ராமையங்கார் கையெழுத்து. அதுக்கப்பறந்தான் 1887ல வேலை ஆரம்பம். 1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் பிரபு வந்து தொறந்து வச்சாரு. அணை, சுரங்கம், கீழ வாய்க்கால் எல்லாஞ் சேத்து எண்பது லட்ச ரூபாய்க்கு மேல செலவு. அந்தக் காலத்து எண்பது லட்சம். பட்டாளத்து ஆபீசர் ஒருத்தர் சீமையில இருக்கற வீட்டை வித்தா அதுல எத்தன நாளைக்குக் கூலி குடுக்க முடியும்னு நீங்களே பாருங்க. அவருகூட வேலை பாத்த மெக்கன்சிங்கற என்ஜினியர் 1899ல இந்தத் திட்டத்தோட வரலாறை ஒரு பெரிய புத்தகமாவே எழுதி, கவர்மெண்ட் அச்சகத்துல அச்சாயிருக்கு. கல்லு எங்கிருந்து வந்துச்சு, வெள்ளத்துல என்ன போச்சு, காய்ச்சல்ல யாரு போனா எல்லாம் கணக்கா வருது. சொந்தக் காசு போட்டதா நான் பாத்த வரைக்கும் ஒரு வரி இல்ல.

அப்ப கதை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, எனக்கு ஒரு ரோசனை. நம்ம சீமையில கம்மாய் வெட்டுனவுக, ஊருணி எடுத்தவுக கதையில பாருங்க, கட்டாயம் ஒரு நகை இருக்கும். தாலிக்கொடியை வித்துக் கொளம் வெட்டுன மகராசி, காதுத் தண்டட்டியைக் கழட்டிக் குடுத்துக் கலுங்கு கட்டுன கெழவின்னு ஊருக்கு ஊரு சொல்லுவாக. தண்ணி குடுத்தவுகளை நம்ம சனம் அப்படித்தான் நெனச்சுப் பாத்திருக்கு. துரையையும் அந்த வரிசையில உக்கார வைக்கணும்னா அவரு பொஞ்சாதி கழுத்துலயும் ஒரு நகை வேணுமில்ல? வச்சுட்டாக. நல்ல மனசோட வச்ச கதைதான். ஆனா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, அவரு மெய்யாலுமே செஞ்சது என்னன்னு எங்க ஊருப் பயலுகளுக்கே தெரியாமப் போச்சு. எனக்கு அதுதான் வருத்தம்.

அவரு செஞ்சதைச் சொல்றேன்.

பெரியாறு மேற்க போற ஆறு. நம்ம மலைக்கு அந்தப் பக்கம் பொறந்து அரபிக்கடல்ல விழுகுது. மழை பூராம் அங்கிட்டு. இங்கிட்டு கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவு. 1876லயிருந்து ரெண்டு வருசம் தாது வருசப் பஞ்சம்னு மெட்ராஸ் ராஜதானியையே உலுக்குன பஞ்சத்துல மதுரைச் சீமையும் செத்துச் சுண்ணாம்பாச்சு. மலைக்கு அங்கிட்டு வெள்ளம், இங்கிட்டு வறட்சி. குறுக்க ஒரு மலை.

முக்காவாசிப் பேரு என்ன நெனைக்கிறாங்கன்னா, அணையைத் தொறந்தா தண்ணி தமிழ்நாட்டுக்கு வருதுன்னு. அப்படி இல்ல. அணை ஒரு எடம், தண்ணி வார எடம் வேற எடம். காட்டுக்குள்ள ஆழமான எடுக்குல ஆத்தை மறிச்சு 155 அடி உயரத்துக்குச் சொவரு எழுப்புனாரு. ஆறு மேக்கொண்டு போக வழியில்லாம பின்னால ஏறி, பக்கத்துப் பள்ளத்தாக்கெல்லாம் பரவி, தேக்கடி வரைக்கும் வந்து நிக்குது. அணைக்கும் தேக்கடிக்கும் நடுவுல படகுல போற தூரம், எங்க ஆபீசருங்க இன்னைக்கும் படகுல போறாக. தேக்கடியிலதான் ஷட்டர். அங்கன மலையை வெட்டி, ஒரு மைலுக்குச் சித்த கூடுதலான நீளத்துக்குச் சுரங்கம் கொடஞ்சு, தண்ணியைக் கெழக்க திருப்பி விட்டாரு. அணை மட்டம் 104 அடிக்குக் கீழ போச்சுன்னா சுரங்கத்துக்குத் தண்ணி ஏறாது. அணையில எம்புட்டுக் கெடந்தாலும் நமக்குச் சொட்டு வராது. பேப்பர்ல தெனமும் "முல்லைப் பெரியாறு நீர்மட்டம்"னு போடறானே, எங்க ஊர்ல பெருசுக மொதல்ல அதைப் பாத்துட்டுத்தான் செத்தவன் பேரைப் பாக்கும்.

மேற்க விழுகற ஆத்தை நிறுத்தி மலையைத் தொளச்சுக் கெழக்க அனுப்பணும்ங்கறது அவரு மூளையில மட்டும் உதிச்ச யோசனை இல்ல, அதைப் பெறகு சொல்றேன். ஆனா கட்டி நிறுத்துனது அவரு. அதுக்கு என்ன பாடு பட்டாகன்னு கேளுங்க.

பக்கத்து ரயிலடி அம்மையநாயக்கனூர், இப்ப கொடைரோடுன்னு சொல்றோமே அதுதான். அங்கயிருந்து கூடலூர் மலையடிவாரம் நூறு கிலோமீட்டருக்கு மேல. மிஷினு, இரும்பு, மருந்து எல்லாம் மாட்டு வண்டியில வந்துச்சு. மலை மேல ஏத்தக் கம்பி வடம் கட்டி அதுல தொங்கவிட்டு இழுத்தாக. அதுக்கு மேல ஓடையை ஒழுங்கு பண்ணித் தோணியில கொண்டு போனாக. சுண்ணாம்புக் கல்லு கீழ எங்க பக்கத்துலருந்துதான் மேல போச்சு. அணையோட நடு வயித்துல இருக்கறது சிமெண்டு இல்ல. சுண்ணாம்பும், செங்கல்லாட்டம் சுட்ட மண்ணைப் பொடிச்ச சுர்க்கியும், மணலும், உடைச்ச கல்லும். முகப்பு ரெண்டு பக்கமும் கருங்கல்லு.

மலையில ரெண்டு பருவ மழையும் அடிக்கும். அணைக்கு அடித்தளம் போடணும்னா ஓடற ஆத்தை ஒதுக்கித் தற்காலிகமா ஒரு தடுப்புக் கட்டி, நடுவுல தண்ணியை எறச்சுட்டு வேலை பாக்கணும். அந்தத் தடுப்பு கட்டக் கட்ட வெள்ளம் வந்து கொண்டு போயிருச்சு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. கொச்சியிலருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சருங்க, மெட்ராஸ் பயனியர் பட்டாளம், எங்க பக்கத்துக் கூலியாளுங்க எல்லாஞ் சேந்து மறுபடி கட்டுவாக. மழை நின்னா மலேரியா. யானை வேற. மெட்ராஸ்ல உக்காந்திருந்தவுகளுக்கு இந்த வேலை மேல நம்பிக்கை கொறைஞ்சுக்கிட்டே போயிருக்கும், இல்லாமலா? ஒவ்வொரு தடவையும் தடுப்பு போனதுக்கு அறிக்கை எழுதி, இன்னும் எம்புட்டு வேணும்னு மதிப்பீடு எழுதி, அந்தப் பணத்தை வாங்கிக்கிட்டு வந்து திரும்ப அதே எடத்துல நின்னாரு. நான் சர்க்கார் ஆபீஸ்ல ஒரு ஷட்டருக்குக் கிரீஸ் வாங்க மூணு தாள் எழுதுனவன். எனக்குத் தெரியும், நகையை விக்கறது அதைவிட லேசு.

ஆளு யாருன்னும் சொல்லிர்றேன். 1841 ஜனவரி 15ல பூனாவுல பொறந்தவரு. அப்பா பட்டாளத்து பிரிகேடியர். 1849ல பஞ்சாப்ல சிலியன்வாலா சண்டையில சீக்கியருக கையில அப்பாவும், பதினேழு வயசு அண்ணனும் ஒரே நாள்ல செத்துப் போனாக. அப்ப இவருக்கு எட்டு வயசு நெறைய ரெண்டு நாளு பாக்கி. பெறகு சீமையில படிச்சு, 1860ல திரும்ப இந்தியாவுக்கு வந்து மெட்ராஸ் என்ஜினியர் பட்டாளத்துல வேலை. நடுவுல அபிசீனியா சண்டைக்கும் போனாரு. அணை முடிஞ்சதும் 1896ல ஓய்வு. அப்பறம் இங்கிலாந்துல கூப்பர்ஸ் ஹில்லுங்கற காலேஜுக்குத் தலைவர், இந்தியாவுக்கு வார என்ஜினியருங்க படிச்ச எடம் அது. 1899ல ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் ஆத்து வெள்ளத்துக்கு யோசனை சொல்லப் போனாரு. 1911 மார்ச் 9ல இங்கிலாந்துல கேம்பர்லியில காலமானாரு. அஞ்சு பொட்டப்புள்ளைக, ஒரு பையன். சொத்தையெல்லாம் வித்துட்டு நடுத்தெருவுல செத்தாருங்கற மாதிரி ஒரு வாட்ஸாப் சுத்துது, அதையும் நம்பாதீங்க.

பொறந்த தேதி நம்ம பொங்கலோட வந்து விழுந்தது யாரும் திட்டம் போட்டதில்ல. தேனிப் பக்கம் பாலார்பட்டியில அன்னைக்குப் பொங்க வச்சு ஊர்வலமே போவாங்க. மலையடிவாரத்து லோயர் கேம்ப்ல 2013 ஜனவரி 15ல மணிமண்டபம் தொறந்தாச்சு. கேம்பர்லியிலயே 2022ல தமிழ்நாட்டு அரசு சிலை வச்சிருக்கு.

கடைசியா ஒண்ணு. தண்ணி இருக்கற வருசம் ஜூன் 1ஆம் தேதி தேக்கடி ஷட்டரைத் தொறப்பாங்க. அமைச்சரு, கலெக்டரு எல்லாம் பூத் தூவுவாக. அந்தப் பூ சுழிக்குள்ள ஒரு சுத்துச் சுத்திட்டுக் காணாமப் போகும். எனக்கு அதுல அக்கறை இல்ல. நான் பாக்கறது, ஷட்டரு அரை அடி ஏறுன ஒடனே கீழ ஒரு உறுமல் கேக்குமே, அது. அப்ப இருந்து அந்தத் தண்ணி குழாய் வழியா லோயர் கேம்ப் மின்சார நிலையத்துக்கு விழுந்து, கரண்டு எடுத்துட்டு, ஆத்துல சேந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம்னு எறங்குது. பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம். போன் வரும் ஒவ்வொருத்தனா, "அண்ணே, எத்தன கனஅடி விட்ருக்கீக, நாத்தங்கால் உழுகலாமா?" அதே தண்ணிதான் வீரபாண்டியைத் தாண்டி வைகையில விழுந்து, பேரணைங்கற தடுப்பணையில திரும்பி மேலூர் வரைக்கும் போகுது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுல அக்கினிச் சட்டி எடுக்கறவுக முங்கி எந்திரிக்கற ஆத்துலயும் இதுதான் ஓடுது.

---

குமுளிக்காரன் எழுதியது:

லஸ்கர் ஐயா சொன்னதுல ஒரு பக்கம் விட்டுப் போச்சு, மலைக்கு மேல் பக்கம். நான் குமுளியில பொறந்த தமிழன், வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம். தேக்கடிப் படகுல போறவங்க தண்ணிக்கு நடுவுல நிக்கற பட்டுப்போன மரங்களைப் பாத்திருப்பீங்க. நீர்க்காகம் சிறகை விரிச்சு உக்காந்திருக்கும், எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. 1895ல தண்ணி ஏறினப்ப முங்கிப்போன காட்டு மரங்கள் அது. நூறு வருஷம் தாண்டியும் அடிமரம் நிக்குது. ஏரி வந்த பிறகுதான் சுத்தியுள்ள காட்டை 1934ல திருவிதாங்கூர் அரசு சரணாலயமாக்குச்சு, 1978ல புலிகள் காப்பகமாச்சு. எங்க ஊர்ல ஜீப் ஓட்டறவன், ஏலக்காய் விக்கறவன், ஹோம்ஸ்டே நடத்தறவன் எல்லாருக்கும் சோறு போடறது அந்த ஏரிதான். பென்னிகுயிக் படம் மட்டும் எங்க கடையில இருக்காது.

கோட்டயத்துக்காரர் சிரிச்சதைப் பெருசா எடுக்காதீங்க அக்கா. வண்டிப்பெரியாறுல ஆத்தோரம் குடியிருக்கற என் சித்தி (அவங்களும் தமிழ்தான், தேயிலைத் தோட்டத்துல வேலை) மழைக்காலத்துல ராத்திரி அணை மட்டம் பாத்துட்டுத்தான் படுப்பாங்க. கீழ மட்டம் ஏறணும்னு பாக்கறீங்க, இங்க ஏறக்கூடாதுன்னு பாக்கறோம். அணையில எத்தனை அடி தேக்கலாம்ங்கற 142 அடி, 136 அடிச் சண்டையை இங்க இழுக்க வேண்டாம், அதுக்குத் தனி இழை ஓடிட்டிருக்கு.

---

வைகைக்கரையான் எழுதியது:

லஸ்கர் அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா புத்தகத்துல எழுதலைங்கறதுக்காக நடக்கலேன்னு சொல்லிட முடியுமா? வெள்ளைக்காரன் எழுதுன புத்தகத்துல எல்லாமா எழுதுவான்?

---

கம்பத்து மருமக எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. மாமியார்கிட்ட ஸ்பீக்கர்ல போட்டுப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் "விக்கலேன்னா விக்கல, அதுக்காக நெல்லு விளையாமப் போச்சா"ன்னுட்டு உலையைப் பாக்கப் போயிட்டாங்க.

பையனுக்குத்தான் கோபம். எழுதினதை அடிக்கணுமாம். "அப்ப அவர் ஹீரோ இல்லையா"ன்னு கேக்கறான். இது அவர் மூளையில மட்டும் உதிச்ச யோசனை இல்லைன்னு எழுதியிருந்தீங்க. அது யாரு? அவனுக்குப் பேரு வேணுமாம்.

---

பழைய லஸ்கர் எழுதியது:

வைகைக்கரையான் தம்பி, மெக்கன்சி எதையும் மறைக்கற ஆளு இல்ல. செலவு மதிப்பீட்டைத் தாண்டுனதையே எழுதுறவன், மேலதிகாரி கைக்காசு போட்டிருந்தா பெருமையா மொத அத்தியாயத்துலயே எழுதியிருப்பான். அதுவுமில்லாம சர்க்கார் கணக்குல தனியாளு பணம் நுழையணும்னா அதுக்கு ஒரு தலைப்பு வேணும், ரசீது வேணும், ஆடிட் வேணும். அப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான்.

பேரு கேட்ட பயலுக்கு:

மொத பேரு முத்திருளப்ப பிள்ளை. ராமநாதபுரம் சேதுபதிக்குப் பிரதானி, அதாவது மந்திரி. 1789லயே இந்த ஆத்தைக் கெழக்க திருப்பலாம்னு ஆளுகளை அனுப்பிப் பாக்கச் சொன்னவரு. காசு பத்தல. பென்னிகுயிக் பொறக்கறதுக்கு அம்பது வருசம் முன்னாடி, மிஷினு, சர்வே ஒண்ணுமில்லாத காலத்துல, மலைக்கு அங்கிட்டு ஓடற தண்ணியைப் பாத்து "இது இங்கிட்டு வரும்"னு சொன்ன மனுசன். அவருக்கு எங்கள்ல எத்தன வீட்டுல படம் இருக்கு?

அப்பறம் 1808ல ஜேம்ஸ் கால்டுவெல்னு ஒரு கேப்டன். (திருநெல்வேலி பிஷப் இல்ல, இவரு வேற ஆளு.) போயிப் பாத்துட்டு, வெறும் பகல் கனவு, இதை இனிமே நெனச்சும் பாக்க வேணாம்ங்கற மாதிரி எழுதி மூடிட்டாரு. பையன் இவரைக் கட்டாயம் சொல்லணும். படிச்ச மனுசன் நேர்ல பாத்து முடியாதுன்னு எழுதுனதை எழுபத்தஞ்சு வருசம் கழிச்சு இன்னொருத்தரு திரும்பக் கையில எடுத்தாரு பாருங்க. 1850ல சின்னதா ஒரு அணை கட்ட ஆரம்பிச்சு, காய்ச்சல் வந்து ஆளு நிக்காம விட்டாக. 1867ல ரைவ்ஸ்னு ஒரு மேஜர் மண்ணணை கட்டலாம்னு திட்டம் குடுத்தாரு. அதெல்லாத்தையும் வச்சு மண்ணைத் தள்ளிட்டுக் கல்லுக் கட்டடமாப் போட்டது பென்னிகுயிக். அவருக்குக் கீழ இருந்த லோகன்ங்கற என்ஜினியரு பேருல "லோகன்துரை"ன்னே எங்க பக்கம் புள்ளைகளுக்குப் பேரு வச்சிருக்காங்க, கருத்த தோலுக்குத் துரைப் பேரு, பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கூப்பிட்டா வெளியூர்க்காரன் திரும்பிப் பாப்பான்.

பேரு இல்லாதவுகளும் இருக்காக. வேலை நடந்தப்ப காய்ச்சல்லயும் வாந்திபேதியிலயும் செத்தவுக கணக்கே நானூத்துக்கு மேல. அணைக்கு வடக்க காட்டுக்குள்ள பொதைச்ச எடம் இருக்கு. அங்க வேலையா போனப்ப பாத்திருக்கேன். ரெண்டு மூணு வெள்ளைக்காரக் கல்லறை மட்டும் கல்லு வச்சது. மத்ததெல்லாம் வேரு ஏறி மேடு தெரியாமக் கெடக்கு. அதுல கெடக்கறவுக கூலியாளும் பட்டாளத்தானும். எங்க ஊர்ல பேயத்தேவரு, ஆங்கூர் ராவுத்தருன்னு ரெண்டு பேரு வேலையாளுகளுக்கு ஒத்தாசையா நின்னதா வாய்வழியாச் சொல்லுவாக. அதை வாய்வழிக் கதைன்னே சொல்லச் சொல்லு, கணக்குல சேக்க வேணாம்.

ஹீரோவான்னு கேட்டான்ல. எட்டு வயசு நெறையறதுக்குள்ள அப்பனைப் பறிகொடுத்தவரு, நாப்பத்தாறு வயசுல ஒரு வேலையைத் தொட்டு, அம்பத்தி நாலு வயசு வரைக்கும் அதைக் கையை விட்டு எறக்கல. அவனுக்கு அது பத்தலேன்னா பத்தாது, வேற யாரையாச்சும் எடுத்துக்கட்டும். ஆனா நகைக் கதையை அடிச்சுட்டு அந்த எடத்துல கால்டுவெல்லு கதையை வைக்கச் சொல்லு, கை தட்டல் கொறையாது.

---

கம்பத்து மருமக எழுதியது:

கால்டுவெல் கதை பிடிச்சிருச்சு அவனுக்கு. "முடியாதுன்னு எழுதினவர் பேர்ல ஆரம்பிக்கிறேன்"ங்கறான். முத்திருளப்ப பிள்ளை பேரை எழுத்துக்கூட்டி எழுதி வச்சிருக்கான். பேச்சோட சார்ட்டும் போடணுமாம், அணை படம் வரைஞ்சிட்டிருக்கான். அணையோட அடியில ஓட்டை போட்டு அதுவழியாத் தண்ணி கம்பத்துக்கு வர்ற மாதிரி வரைஞ்சிருக்கான், அது தப்புத்தானே?

---

குமுளிக்காரன் எழுதியது:

தப்பு அக்கா, மேல இருந்து பாக்கற மாதிரி வரையச் சொல்லுங்க. ஏரியை ஒரு கையை விரிச்ச மாதிரி, விரல் விரலாப் போடட்டும். மேற்குப் பக்கம் ஒரு விரல் நுனியில அணை. கிழக்குப் பக்கம் வேற ஒரு விரல் நுனியில தேக்கடி ஷட்டர். ரெண்டுக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடணும். நேரம் இருந்தா தண்ணிக்கு நடுவுல நாலு மொட்டை மரம் போடச் சொல்லுங்க, எங்க ஊருக்காக.

---

பழைய லஸ்கர் எழுதியது:

ஷட்டருக்குக் கெழக்க மலையைக் காப்பிக்கொட்டை நெறத்துல தீட்டி, அதுக்குள்ள ரெண்டு கோடு போட்டாச் சுரங்கம். அதுக்கு அப்பறம் செங்குத்தா எறங்குற நாலு குழாயி, கீழ லோயர் கேம்ப். அணைக்குப் பக்கத்துல மறக்காம 104ன்னு ஒரு கோடு இழுக்கச் சொல்லு, அதுக்குக் கீழ இருக்கற தண்ணிக்கு வேற நெறம். யாராச்சும் அந்தக் கோடு என்னன்னு கேட்டா அவன் சொல்லட்டும்.